போலந்துத் தட்டில் புளிப்பு எங்கே?

போலந்து வீட்டுச் சமையல் என்று படம் போடுகிறவர்கள் பொரித்த பன்றிக் கட்லெட்டை, அதாவது ஸ்ஹபோவியை நடுவில் வைத்துவிட்டு, ஓரத்தில் பேருக்கு இரண்டு தக்காளித் துண்டை வைக்கிறார்கள். பிரெட் தூளில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்த கறியும் வெண்ணெய் விட்ட உருளைக்கிழங்கும் மட்டும் என்றால் நாலாவது வாயிலேயே திகட்டிவிடும். அங்கே புளிப்பான தொடுகறி கட்டாயம் வேண்டும்.

கோடையில் அது மிஸேரியா. அரைக் கிலோ வெள்ளரியைத் தோல் சீவி, மெல்லிய வட்டங்களாக அரிந்து, அரை டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். விட்ட தண்ணீரைக் கையால் ஒட்டப் பிழியுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிழியாமல் கிரீம் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் நீர்மோர்தான் நிற்கும். பிறகு 18 சதவீதக் கொழுப்புள்ள புளித்த கிரீம் நாலு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை சர்க்கரை, மிளகுத்தூள், தாராளமாகச் சதகுப்பைத் தழை. பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். அந்தக் கிரீம் கிடைக்காவிட்டால் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரே போதும்.

குளிர்காலத்துக்குப் புளிக்கவைத்த முட்டைகோஸ். அதில் துருவிய கேரட்டும் ஆப்பிளும், ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்தால் வேலை முடிந்தது. கழுவாதீர்கள், புளிப்பெல்லாம் போய்விடும். லேசாகப் பிழிந்தாலே போதும். டப்பாவில் வினிகர் என்று எழுதியிருந்தால் அதை வாங்காதீர்கள்.

தெற்குப் போலந்தின் சிலேசியாப் பகுதியின் ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கு எல்லாவற்றுக்கும் மேல்: மாட்டிறைச்சியைச் சுருட்டிச் சமைக்கும் ரோலாடா, க்ளுஸ்கி என்கிற உருளைக்கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைகோஸ். க்ளுஸ்கிக்கு மாவுப் பதமான உருளைக்கிழங்கை அவித்துச் சூட்டோடு மசித்து, நன்றாக ஆறவிடுங்கள். பாத்திரத்தில் சமமாக அழுத்தி நாலாகப் பிரித்து, ஒரு கால் பங்கை எடுத்து மற்றதன் மேல் போடுங்கள். காலியான இடம் நிரம்பும் அளவுக்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச் போடுங்கள். ஒரு முட்டை சேர்த்துப் பிசைந்து உருட்டி, கிரேவி தேங்கும்படி நடுவில் விரலால் குழி போடுங்கள். உப்புத் தண்ணீரில் மேலே மிதந்த பிறகு இரண்டு நிமிடம். கிழங்கை மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும், அதைச் சரிசெய்யவே முடியாது.

சிவப்புக் கோஸ் வேகும்போதே ஒரு கரண்டி வினிகர் விடுங்கள். இல்லாவிட்டால் நிறம் மங்கி நீலமாகிவிடும்.

முட்டைகோஸ் இலையில் சோறும் கறியும் பொதிந்த கொவொம்ப்கிக்கு மட்டும் இதெல்லாம் வேண்டாம். அதன் தக்காளிச் சாஸிலேயே புளிப்பு இருக்கிறது; கூட அவித்த உருளைக்கிழங்கு வைத்தால் போதும்.