ஓடுற சிஸ்டத்தை எதுக்குய்யா சாகடிக்கிறீங்க?

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து பிழைக்கிறவன் நான். கடையில் இருக்கும் கணினியில் இன்டெல் கம்பெனியின் 4-ஆம் தலைமுறை ஐ3 பிராசசர், டிடிஆர்3 என்கிற பழைய வகை ராம். பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் போட்டதிலிருந்து, சுவிட்சைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்து நிற்கும். முகூர்த்த மாதங்களில் ராத்திரி பகலாக ஓடினாலும் சூடாகி நின்றதில்லை. அதைத்தான் "ஆயுசு முடிஞ்சுபோச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வயிறு எரிகிறது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை என்று விண்டோஸ்காரர்கள் ஒரு தவணை கொடுத்தார்கள். சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பு வேண்டும், கணினி கிளம்பும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கிற செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் ஒன்றிரண்டு விதிவிலக்கு போக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். அந்தத் தலைமுறை வந்ததே 2017-இல். விண்டோஸ் 11 வந்தது 2021-இல். அன்றைக்கு ஐந்தே வயதான சிஸ்டத்தைக்கூட வாசலோடு நிறுத்தினார்கள். வேகம் பத்தவில்லை என்று சொல்லியிருந்தாலாவது மனசு ஆறும். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் போதும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் என்னிடம் இருக்கிறது!

இதைவிடக் கொதிப்பு சர்வீஸ் கடையில். "டிபிஎம் சிப்பு தனியா கிடைக்குது சார், போர்டுல பின் இருக்கு, சொருகினா முடிஞ்சுது" என்றார்கள். நகம் அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. காசு கொடுத்து வாங்கினேன். சொருகினார்கள். விண்டோஸ் 11-க்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை ஓட்டினால் டிபிஎம்முக்குப் பச்சை டிக், அதற்குக் கீழேயே பிராசசருக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. விண்டோஸ் 11 ஏற்கிற பட்டியலில் பிராசசர் இல்லை என்றால் எந்தச் சிப்பைச் சொருகினாலும் பிரயோஜனமில்லை என்பது அந்தத் தொழிலில் இருக்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்து விற்றால் அது என்ன தொழில்?

அப்புறம், "செக்கிங்கைத் தாண்ட வச்சுப் போட்டுத் தர்றேன்" என்றார் அதே கடைக்காரர். நான் வைத்திருந்தது விண்டோஸ் 10-இன் 32 பிட் என்கிற பழைய வகை. விண்டோஸ் 11-இல் 32 பிட்டே கிடையாது, 64 பிட் மட்டும்தான். இருப்பதன்மேல் ஏற்ற முடியாது, முதலிலிருந்துதான் போட வேண்டும். வேறு டிஸ்க்கில் போட்டார், ஏறியது. ஆனால் ஸ்கேனர் செத்தது. அதைச் செய்த கம்பெனி 64 பிட்டுக்கு டிரைவரே, அதாவது ஸ்கேனரை ஓட்டுகிற மென்பொருளே, எழுதவில்லை. போதாக்குறைக்கு, தகுதி இல்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என்று விண்டோஸ்காரர்களே சொல்கிறார்கள். அப்டேட் வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்!

அந்த நேரம் பார்த்து ஒரு ஆச்சி வந்தார்கள். கையில் மஞ்சள் தடவின பழைய பத்திரிகை. "தம்பி, பெரியவளுக்கு அடிச்ச மாதிரியே சின்னவளுக்கும் வேணும். விலாசம் ஒரு எழுத்து மாறக்கூடாது, பங்காளி வீட்டுல பேச்சு வாங்க முடியாது." அந்த ஃபைல் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது, பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில். கோயில், பிரிவு, விலாசம், அழைப்பவர் வரிசை எல்லாம் அவர்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தது. புது விண்டோஸில் அந்த எழுத்துருவும் இல்லை, பேஜ்மேக்கரும் இல்லை. "நாளைக்கு வாங்க ஆச்சி" என்று அனுப்பினேன். வெயிலில் பஸ் ஏறி வந்தவர்கள் அவர்கள்.

போர்டை மட்டும் மாற்றலாமே என்று கேட்கிறவர்களுக்கு: போர்டை மாற்றினால் பிராசசர் பொருந்தாது. டிடிஆர்3 ராம் புதுப் போர்டில் ஏறாது. கடைசியில் மிஞ்சுவது டப்பாவும் எஸ்எஸ்டியும்தான். விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடு என்கிற தம்பிகள் நல்ல மனசோடு சொல்கிறார்கள். மெயில் பார்க்க, கணக்கு எழுத அது தாராளமாகப் போதும். ஆனால் எனக்குச் சோறு போடுவது பேஜ்மேக்கர் ஃபைல்கள், பேஜ்மேக்கர் அதில் நேரடியாக ஓடாது.

இதே ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, பீங்கான் சாடி, ஓட்டை எனாமல் தட்டு வரைக்கும் விலை பேசி வாங்குகிறார்கள். நன்றாக ஓடுகிற கணினிக்கு மட்டும் பழைய இரும்பு விலை!

விண்டோஸ் 10 இருக்கிற பழைய எஸ்எஸ்டியையே மறுபடி மாட்டிவிட்டேன். பாதுகாப்புக்காக நெட் வயரைப் பிடுங்கியாயிற்று. மெயில், வாட்ஸ்அப் எல்லாம் போனில். ஃபைல் பென் டிரைவில் போய் வருகிறது. ஆச்சி பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. அந்தச் சிப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பிரிச்ச பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்றார்கள். பிரித்தது யார்? அவர்கள் கையால் பிரித்தது. திங்கட்கிழமை பில்லோடு மறுபடி போகிறேன், கல்லாவில் உட்கார்ந்திருக்கிற முதலாளியிடமே கேட்கப் போகிறேன்.