அது அரிஸ்டாட்டில் சொன்ன வரி அல்ல

"நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம், ஆகவே மேன்மை என்பது செயல் அல்ல, பழக்கம்." அரிஸ்டாட்டில் படத்தோடு ஓயாமல் சுற்றும் இந்த வரி அவருடையது அல்ல. அமெரிக்க எழுத்தாளர் வில் டியூரண்ட், 1926இல் வெளியான தன் தத்துவ வரலாற்று நூலில் அரிஸ்டாட்டிலின் கருத்தைச் சொந்த நடையில் சுருக்கி எழுதியது.

சரி, சுருக்கமாவது சரியா? பாதிதான். பார்வை போன்றவற்றில் ஆற்றல் முதலில் இருக்கிறது, செயல் பின்னால் வருகிறது. நற்குணமோ செய்து செய்துதான் வந்து சேர்கிறது என்று அரிஸ்டாட்டில் தன் 'நிகோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில் எழுதுகிறார். இயல்பாகவே கீழே விழும் கல்லைப் பத்தாயிரம் முறை மேலே எறிந்தாலும் மேலே போக அது பழகாதாம். இதுவரை டியூரண்ட் பக்கம் பிழையில்லை.

'செயல் அல்ல' என்பதுதான் இடிக்கிறது. நற்குணம் ஒரு நிலை. தூங்குகிறவனிடமும் அது இருக்கலாம், பயன் ஒன்றும் விளையாது என்கிறது அதே நூலின் முதல் பகுதி. ஒலிம்பியா விளையாட்டுகளில் முடிசூட்டப்படுவது அழகனோ பலசாலியோ அல்ல, களத்தில் இறங்கிப் போட்டியிடுகிறவர்களே. பொதுவாக, வெறும் ஆற்றலைவிட அது செயல்படும் நிலையே முதன்மையானது என்று தன் இன்னொரு நூலான 'மெட்டாபிசிக்ஸ்' ஒன்பதாம் பகுதியில் அவர் விரிவாகவே வாதிடுகிறார்.