மூன்றாம் தரம் சொல்ல ஆளில்லாத ஏலம்

கடந்த வாரம் நம் மட்டக்களப்புப் பகுதி முகநூல் குழு ஒன்றில், கையால் சுற்றும் பழைய தையல் இயந்திரம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. முடிவு இரவு பத்து மணி என்று பதிவிலேயே போட்டிருந்தார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் மாலை ஆறு மணியிலிருந்தே விலை கேட்டுக்கொண்டிருந்தார். தன் அம்மா இப்படியொரு இயந்திரத்தில்தான் அயலவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துத் தங்களை வளர்த்தார் என்று இடையில் ஒரு வரியும் எழுதியிருந்தார். ஐந்நூறு ஐந்நூறாக ஏறி, ஒன்பதரை மணிக்கு அவருடைய கேள்வி 14,500 ரூபாயில் நின்றது. எதிர்க்கேள்வி இல்லை. பத்து மணிக்குச் சில விநாடிகள் இருக்கும்போது, அதுவரை அந்தப் பக்கமே தலைகாட்டாத ஒருவர் 14,600 என்று எழுதினார். ஆசிரியையும் உடனே 15,500 என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவர் வீட்டில் முற்றத்துக்கு வந்தால்தான் சிக்னல் கிடைக்கும். அவருடைய கருத்து பதிவில் ஏறியபோது மணி 10.01. இயந்திரம் 14,600 ரூபாய்க்குப் போய்விட்டது.

அதன் பிறகு நடந்த சண்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கடைசி நேரத்தில் வந்தவரைக் கள்ளன் என்றார்கள், நரி என்றார்கள். அவரும் விடவில்லை. "பத்து மணிக்கு முன் கேட்டேன், சட்டப்படி எனக்குத்தான்" என்றார். இரண்டு பக்கமும் பேசிய பேச்சில், விற்றவருக்கும் 900 ரூபாய் கைநழுவியதை யாரும் கவனிக்கவில்லை.

அன்றிரவு நான் எதுவும் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நானும் கடைசி விநாடியில் விலை கேட்கிறவன்தான். ஏழெட்டு வருடமாக அப்படித்தான் கேட்கிறேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் அந்த ஆசிரியைக்கு நடந்தது அநியாயம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தேடுவது மட்டக்களப்பின் பழைய படத் தபாலட்டைகள். 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடலும் எங்கள் வீட்டில் ஒரு படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நம் ஊரின் பழைய முகம் இன்று இங்கிலாந்தில் யாரோ ஒருவருடைய பாட்டனாரின் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் வீட்டைத் துப்புரவு செய்யும்போது அது ஈபே என்ற இணைய ஏலத் தளத்துக்கு வருகிறது.

முதலில் நான் கேட்ட அட்டை இன்றும் கண்ணில் நிற்கிறது. வாவிக்கரை, பின்னால் கோட்டை மதில், இரண்டு தோணிகள். ஒரு தோணியில் தலைப்பாகை கட்டிய ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு படமெடுப்பவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்பக்கத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த இலங்கை முத்திரை. வாவிக்குக் குறுக்கே கல்லடிப் பாலம் வந்தது 1924இல். அதற்கும் முந்திய வாவி அது. என் பாட்டனாரின் தகப்பன் தோணி வலித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் தலைப்பாகைக்காரர் அவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் எனக்கு அந்த அட்டை வேண்டும் என்று பட்டது.

4.99 பவுணில் தொடங்கியிருந்தார்கள். வியாழக்கிழமையே 20 பவுண் என்று போட்டுவிட்டேன். முந்திக் கேட்டவனுக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். ஏலம் முடிவது ஞாயிறு இரவு ஒன்பது மணி, இங்கிலாந்து நேரம். அவர்களுக்குக் கோடைகாலம் என்பதால் நமக்கு அது திங்கள் அதிகாலை 1.30. விழித்திருந்தேன். விலை 11.50 பவுணில் நின்றது, நான்தான் முன்னால் இருந்தேன். ஐந்து விநாடி இருக்கும்போது திரை ஒருமுறை புதுப்பித்துக்கொண்டது. 21 பவுண். முடிந்துவிட்டது.

ஒரே ஒரு பவுணால் விட்டுவிட்டேனே என்று ஒரு வாரம் மனம் ஆறவில்லை. அந்த நினைப்பே பிழை என்று பின்னர்தான் விளங்கியது. இதை விளங்கிக்கொள்ளாமல் இணைய ஏலத்தில் காசைப் போடவே கூடாது. ஈபேயில் நீங்கள் எழுதுவது விலை இல்லை, உங்கள் உச்சவரம்பு. இரண்டாவதாக நிற்பவரின் வரம்பைவிட ஒரு படி மேலே மட்டும்தான் விலை ஏறும். அந்த விலைமட்டத்தில் ஒரு படி ஒரு பவுண். என் வரம்பு 20 என்பதால் அவர் 21 கொடுத்தார். அவர் மனதில் வைத்திருந்தது 25ஆக இருந்திருக்கலாம், நூறாகவும் இருந்திருக்கலாம். நான் 22 என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் தோற்றுத்தான் இருப்பேன்.

இப்படி வென்றவர் இரண்டாமவரின் விலைக்கு வாங்கும் ஏலத்தை 1961இல் ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர். எல்லோரும் மூடிய உறைக்குள் விலை எழுதிக் கொடுத்து, வென்றவர் இரண்டாமவர் எழுதியதை மட்டும் கட்டுவதாக இருந்தால், பொருள் தனக்கு எவ்வளவு பெறும் என்பதை அப்படியே எழுதுவதுதான் ஒருவருக்கு நல்லது என்று காட்டினார். குறைத்து எழுதினால் பொருள் போகும், கூட்டி எழுதினால் காசு போகும். 1996இல் அவருக்கு நொபெல் பரிசு அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாள் காலமாகிவிட்டார்.

அப்படியென்றால் வியாழன் கேட்டால் என்ன, ஞாயிறு கடைசி விநாடியில் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். எல்லோரும் தங்கள் உச்சவரம்பை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வந்தால் நேரம் ஒரு பொருட்டே இல்லை. மனிதர்கள் அப்படி வருவதில்லை. நான் வியாழக்கிழமை 20 போட்டதும், வேறொருவர் ஐம்பது பென்ஸ் ஐம்பது பென்ஸாகக் கொத்திப் பார்த்தார். இன்னொருவர் விரும்புகிறார் என்று தெரிந்ததும் பொருளுக்கு ஒரு மினுக்கம் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, பழம்பொருள் தெரிந்தவர் ஒருவர் முந்திக் கேட்டால், இது உண்மையான சரக்கு என்று எல்லோருக்கும் பறையடித்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். தெரிந்தவர் வாய்திறக்காமல் இருந்து கடைசியில் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதை ஆல்வின் ரொத், அக்ஸல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஈபேயையும் அமேசனையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். அமேசனும் அக்காலத்தில் ஏலம் நடத்தியது, பின்னர் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். ஈபேயில் மணி அடித்தால் ஏலம் முடிந்தது. அமேசனில் அப்படி இல்லை. கடைசிக் கேள்வி விழுந்த பிறகு பத்து நிமிடம் யாரும் வாய்திறக்காமல் இருந்தால்தான் முடியும். யாராவது கேட்டால் மீண்டும் பத்து நிமிடம். இந்த ஒரு நிபந்தனை மட்டும் மாறியதில், ஈபேயில் குவிந்து கிடந்த கடைசி நிமிடக் கேள்விகள் அமேசனில் மிகக் குறைவாக இருந்தன. ஈபேயில் அனுபவம் கூடக் கூட ஆட்கள் இன்னும் பிந்திக் கேட்டார்கள். கணினிகளைவிடப் பழம்பொருட்களில் அந்தப் பழக்கம் அதிகம். ரொத்துக்கு 2012இல் வேறு ஆய்வுகளுக்காக நொபெல் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த ஆய்வு ஒன்றே போதும். மனிதனின் குணத்தைக் குறை சொல்லுமுன் நிபந்தனையைப் பார் என்று அது காட்டிவிட்டது.

இது புதிய தந்திரமும் இல்லை. அக்கால லண்டனில் சிறு மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தி வைத்து, அது அணையுமுன் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருளைக் கொடுப்பார்கள். 1662இல் மூன்று பழைய கப்பல்களை அப்படி விற்றபோது, கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் அதைப் பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஒருவர் மட்டும் தவறாமல் கடைசிக் கேள்வியைக் கேட்டாராம். எப்படி என்று விசாரித்தால், சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாராம்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பொருளைக் கண்ட அன்றைக்கே, பகலில், நிதானமாக இருக்கும்போது உச்சவரம்பைத் துண்டில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுகிறேன். முழு எண்ணாக எழுதுவதில்லை. 30 என்று நினைத்தால் 31.37 என்று எழுதுவேன், ஏனென்றால் நிறையப் பேர் 30இல் நிற்பார்கள். ஏலம் முடிய எட்டு விநாடி இருக்கும்போது ஒரே முறை போடுவேன். இரண்டு விநாடி வரை காத்திருந்து, கேள்வி போய்ச்சேராமலே இரண்டு அட்டைகளை இழந்திருக்கிறேன். தோற்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். துண்டில் உள்ள எண்ணை நடுச்சாமத்தில் மாற்றுவதில்லை. மாற்றிய ஒரே தடவை, பெறுமதியைப்போல் மூன்று மடங்கு கொடுத்தேன். நமக்காகத் தானாகக் கேட்டுத்தரும் சேவைகளும் இருக்கின்றன. கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை, உங்களையும் போகச் சொல்ல மாட்டேன்.

கல்லடிப் பாலத்து அட்டை ஒன்றை அப்படித்தான் 17 பவுணுக்கு வாங்கினேன். விற்றவர் இலங்கைக்கு அனுப்ப மாட்டார், அதனால் லண்டனில் உள்ள சின்னம்மாவின் மகன் வீட்டுக்குத்தான் வந்தது. உறையைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணன், இதில் நம் வீட்டுப் பக்கம் தெரிகிறது" என்று அவன் தொலைபேசியில் சொன்ன குரலுக்கு அந்தப் பதினேழும் தகும்.

ஆக, பிந்திக் கேட்பவர் கள்ளன் இல்லை. அவர் மணிக்கூட்டு நிபந்தனைக்குள் நின்று கேட்கிறார். ஈபேயில் அவரிடமிருந்து தப்ப எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் உண்மையான உச்சவரம்பை முன்கூட்டியே போட்டுவிட்டால், நீங்கள் நித்திரையில் இருந்தாலும் ஈபேயின் கணினி உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் உங்களைவிடக் கூடக் கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டுமே வெல்வார்.

நம் முகநூல் ஏலத்தில் அந்த வழி கிடையாது. அங்கே உச்சவரம்பு இல்லை, எழுதியதைக் கட்ட வேண்டும். ஆசிரியை 15,500 வரை போகத் தயாராக இருந்தார் என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது. கருத்தின் கீழே நிமிடம் தெரியும், விநாடி தெரியாது. எழுதியதைப் பின்னர் திருத்தவும் முடியும். ஈபேயிலிருந்து மணிக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மணிக்கூட்டைத் தாங்கிக்கொள்ள வைத்த ஏற்பாட்டை விட்டுவிட்டு ஏலம் நடத்துகிறோம். அதில் நகரத்தில் நல்ல இணைப்போடு இருப்பவர் வெல்கிறார். வாகரையிலும் வெல்லாவெளியிலும் பொத்துவில் பக்கத்துக் கிராமங்களிலும் இருப்பவர் கையில் காசோடு தோற்கிறார்.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான், நமக்கு ஏலம் கூறத் தெரியாதா? சிறுவயதில் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நாவலடிக் கடற்கரைக்குப் போவார். கரைவலை இழுத்து முடிந்து, மணலில் கீரி மீனும் சூடை மீனும் குவியலாகக் கிடக்கும். ஏலம் கூறுபவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். ஒருநாள் ஒரு குவியலுக்கு "ஒருதரம், இரண்டுதரம்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். கூட்டத்தின் ஓரத்தில், மீன் விற்கும் வயதான அம்மா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நனைந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார். சைக்கிள் வியாபாரிகள் அவசரப்பட்டார்கள். ஏலம் கூறுபவர் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அம்மா எண்ணி முடித்துத் தலையை ஆட்டி, இல்லை என்று கையைக் காட்டிய பிறகுதான் "மூன்றுதரம்" என்றார். குவியல் வேறொருவருக்குத்தான் போனது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் மனக்குறை இல்லை.

அமேசன் பத்து நிமிடம் என்று எழுதி வைத்ததும், அந்த மனிதர் மூன்றாம் தரத்தைப் பிடித்து வைத்திருந்ததும் ஒரே வேலைதான்.

குழு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு வரி. "முடிவு நேரத்துக்கு முந்திய ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்து மேலும் ஐந்து நிமிடம் ஏலம் நீளும். ஒவ்வொரு கேள்வியும் முந்தியதைவிட 250 ரூபாயாவது கூடியிருக்க வேண்டும்." இரண்டாவது வரி இல்லாவிட்டால் பத்து பத்து ரூபாயாக விடியும்வரை இழுத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். விற்பவரின் கூட்டாளிகள் பொய்க்கேள்வி கேட்டு விலையை ஏற்றுவார்கள் என்ற பயமும் நியாயமானது. அது இன்றைய முறையிலும் நடக்கிறது. குழுவில் முன்பு வாங்கி விற்ற கணக்குகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் பெரும்பகுதி அடங்கும்.

இதை மூன்று குழுக்களின் நிர்வாகிகளுக்குத் தனியாக எழுதினேன். ஒருவர் பதில் போட்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை ஏலத்தில் இந்த நிபந்தனையைச் சேர்த்துப் பார்ப்பதாகச் சொன்னார். அன்று வருவது ஒரு பித்தளைச் செம்பும் இரண்டு அரிக்கன் லாம்பும். அந்த ஆசிரியை இந்தப் பதிவைப் பார்த்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அக்கரைப்பற்றில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே மாதிரி இயந்திரம் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. கைப்பிடி மட்டும் மாற்ற வேண்டும், ஏலம் இல்லை, பேசி எடுக்கலாம்.