ஆத்தாளோட திறமை கஷ்டத்துல பிறக்கல

பலகாரம் போட்டு விக்கிற எங்க ஆத்தாளை, அதான் எங்க அம்மாவை, பத்தி ஞாயித்துக்கிழமை மண்டபத்துல ஒருத்தர் மேடையில பேசின வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. நாலு பேர் எனக்கே அனுப்பி, "உங்க ஆத்தாளைப் பத்திப் பெருமையாப் பேசியிருக்காக, கேட்டியா?"ன்னாங்க. கேட்டேன். மூணு தடவை கேட்டேன். "வீட்டுக்காரருக்கு வியாபாரம் நொடிக்கலைன்னா அந்த ஆச்சியோட கைப்பக்குவம் ஊருக்குத் தெரிஞ்சிருக்குமா? கஷ்டம் ஒரு வரம்"னாரு. கூட்டமும் கைதட்டுச்சு.

ரெண்டு நாளா மனசு ஆறல.

ஆத்தாளோட கைப்பக்குவம் 2004-ல கடன்காரங்க எங்க முகப்புல வந்து உக்காந்தப்போ முளைச்சது இல்ல. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. வெள்ளைப் பணியாரத்துக்கு டம்ளர்ல பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அது மேலயே உளுந்தைக் கோபுரமாக் குவிப்பாங்க. ஆயா, அதான் எங்க பாட்டி, சொல்லிக் குடுத்த அளவு. மனகோலம்கிற இனிப்புப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுறப்போ ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு உருட்டித் தாம்பாளத்துல போட்டா 'டங்'குன்னு கேக்கணும். நான் போட்டுப் பாப்பேன். ஆத்தா ரெண்டாம் கட்டுல இருந்துக்கிட்டே சத்தத்தை மட்டும் கேட்டு, "இன்னும் ரெண்டு கொதி விடு"ம்பாங்க. இது கடன் வந்த ஒரே வருஷத்துல படியுற வித்தையா? இருபது வருஷம் எங்க வீட்டு விசேஷத்துல எல்லாம் அதைச் சாப்பிட்டுட்டுத்தானே போனீங்க? அப்போ அதுக்குப் பேரு வீட்டு வேலை. காசுக்கு வித்தப்புறம்தான் உங்களுக்குத் திறமையாத் தெரிஞ்சுச்சு.

கஷ்டம் மனுஷனைப் பக்குவப்படுத்தும்கிறதை நான் மறுக்கல. வட்டி கேட்டு வந்தவரை நேருக்கு நேரா பாத்து, "மாசி வரைக்கும் பொறுங்க, தந்துடுறேன்"னு சொன்ன ஆத்தாளை அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல. ஆனா அந்தத் தைரியத்துக்கு என்ன விலை குடுத்தாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க. வலது மணிக்கட்டுல எண்ணெய் தெறிச்ச தழும்பு இன்னும் இருக்கு.

"பர்மாவுல எல்லாம் போனதாலதானே நம்ம செட்டிநாட்டு நகரத்தாருக இங்க வந்து எந்திரிச்சாக?"ன்னு போன்ல கேட்டாரு ஒரு சித்தப்பா. எந்திரிச்சவங்கதான் சித்தப்பா இன்னைக்குப் பேசுறோம். 1942-ல ஜப்பான்காரன் வந்தப்போ எங்க ஐயா, அதான் ஆத்தாளோட அப்பா, பர்மாவுல இருந்து அரக்கான் மலை வழியா நடந்தே வந்தவர். கூடக் கிளம்பினதுல ரெண்டு பேர் வழியிலேயே செத்துப் போயிட்டாக. அவுகளுக்குத் திறமை இல்லையா? அப்புறம் இன்னொண்ணு. 1930-கள்ல நெல் விலை விழுந்து, நம்மாளுக அங்க குடுத்த கடன் திரும்பாமப் போய், கீழ்பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் நம்மாளுக கைக்கு வந்துச்சு. நிலத்தைப் பறிகொடுத்த பர்மா விவசாயிக்கும் அது கஷ்டம்தான். அவனுக்கு அது வரமான்னு நாம கேட்டிருக்கோமா?

உடனே காலேஜ் கட்டின வள்ளல் அழகப்பச் செட்டியாரைச் சொல்வீங்க. தொழுநோயோட அவ்வளவு செஞ்சாரேன்னு. சொல்லுங்க, எனக்கும் அவர் தெய்வம்தான். ஆனா அவர் நோய் வர்றதுக்கு முன்னாடியே எம்.ஏ. படிச்சவர். நம்ம காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வரணும்னு 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் குடுத்தாரு. 1953-ல அது திறந்துச்சு. குடியிருந்த வீட்டையே பொம்பளைப் பிள்ளைக படிக்கக் குடுத்தாரு. கஷ்டம் வரம்னு அவர் நினைச்சிருந்தா, ஊர்ப் பிள்ளைக பட்டுத் தேறட்டும்னு விட்டுட்டுப் போயிருக்கலாமே? காலேஜ் எதுக்குக் கட்டினாரு?

"நல்ல எண்ணத்துலதானே பேசினாக, இதைப் பெருசாக்கணுமா?"ன்னு கேப்பீங்க. பெருசாக்கத்தான் செய்வேன். பேசினவர் வெளியாள் இல்ல. எங்க வளவு வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான். அந்த வருஷம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரல. கடன் கேட்டுருவோம்னு பயம். ஆத்தா அன்னைக்குப் பூராவும் அடுப்படியை விட்டு வெளிய வரவே இல்ல. எங்களைத் தூக்கிவிட்டது யாரு? ஆறு மாசம் காசு கேக்காம எண்ணெய் டின் இறக்கின கடைக்காரர். "இது எனக்கு எதுக்கு, நீ வச்சுக்க"ன்னு தன் சீதன உருளியைத் தூக்கிக் குடுத்த பக்கத்து வளவு ஆச்சி. மேடையில அவுக பேரை யாருமே சொல்லல. கஷ்டத்துக்கு நன்றி சொல்லிட்டாங்க.

கஷ்டம் வெளிய கொண்டாந்ததை மட்டும் எண்ணுறீங்க. அது புதைச்சதை யாரு எண்ணுறது? ஆத்தாளுக்கு நோட்டு கிடையாது. எத்தனை கிலோ தேன்குழல், எத்தனை கிலோ சீப்புச்சீடை, யார் பாக்கி, எல்லாமே மனக்கணக்குத்தான். பைசா பிசகாது. பத்தாவது முடிச்சதும், மேல படிச்சு அழகப்பர் கட்டின அந்தக் காலேஜுக்குப் போகணும்னு ஆசைப்பட்டாங்களாம். ஐயாவுக்கு அப்போ கை ரொம்ப முடையா இருந்துச்சு, கல்யாணத்தை முடிச்சுட்டாக. அதுவும் கஷ்டம்தானே?

நேத்து ராத்திரி பெட்டகத்துல உருளி மூடியைத் தேடுறப்போ அந்த மார்க் ஷீட் கையில வந்துச்சு. மஞ்சப் பையில சுத்தி, சீலைக்கு அடியில வச்சிருக்காங்க. கணக்குல நூத்துக்கு 97.