"எங்க ஆடியிருக்கீங்க?" என்று மைக்கில் கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும், வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. "காலேஜ் டீமுக்கு மேல நீங்க எங்க சார் ஆடியிருக்கீங்க?" என்று நம் பையன்களின் கால்பந்து கோச்சிடம், அவர் வளர்த்த பையன்கள் முன்னாலேயே கேட்டதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

காலேஜ் டீமில்தான் ஆடினார். சரி, அதனால் என்ன?

இந்தியக் கால்பந்து அணிக்கே கோச்சாக இருந்த சையத் அப்துல் ரஹீம் எங்கே ஆடினார்? உஸ்மானியா பல்கலைக்கழக அணியில், அப்புறம் கிளப் அணிகளில். இந்தியாவுக்காக ஒரு மேட்ச் கூட ஆடாத பள்ளிக்கூட வாத்தியார். அவர் கோச்சாக இருந்தபோதுதான் ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஜெயித்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து அரையிறுதி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் மேட்சிலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி, கோச்சின் உடம்புக்குள் புற்றுநோய், மைதானமே நமக்கு எதிராகக் கத்துகிறது. தலையில் தையலோடு இருந்த பின்வரிசை டிஃபென்டர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் இறக்கினார் ரஹீம். ஃபைனலில் அதே கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம், பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 1963 ஜூனில் ரஹீம் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கமே கிடையாது.

உடனே "இவரும் ரஹீமும் ஒண்ணா?" என்று வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கேட்ட கேள்வியே தப்பு என்கிறேன். "பெரிய மேட்ச் ஆடினவனுக்குத்தான் பிரஷர் புரியும்" என்பதும் எனக்குத் தெரிந்த வாதம்தான். பி.கே. பானர்ஜி பெரிய ஆட்டக்காரர், பின்னால் பெரிய கோச்சும் ஆனார், மறுக்கவில்லை. ஆனால் ஜகார்த்தாவில் அவரை ஆட வைத்தது யார்? காலேஜ் டீம் ஆள்தானே?

நான் படித்தபோது எங்களுக்குக் கோச்சாக இருந்த காலேஜ் சாரும் காலேஜ் டீமுக்கு மேல் ஆடாதவர்தான், முட்டி போய்விட்டது. வலது காலால் பந்தைத் தொட்டால் ஃபவுல் என்று எங்களை ஆட வைப்பார், எரிச்சலாக வரும். ரஹீம் ஹைதராபாத்தில் பலமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டிகளையே நடத்தினார் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். எங்கள் சார் அதை எங்கே பிடித்தாரோ தெரியாது. என் இடது காலை எனக்குக் கொடுத்தவர் அவர். கோலடித்தால் எங்கள் பெயர் பேப்பரில் வரும், அவர் பெயர் வராது, தோற்றால் மட்டும் "கோச் சரியில்லை" என்பார்கள். எந்த மேடையிலும் அவரை உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படி வலித்தது. பூட்ஸ் வாங்க வழியில்லாத பையனுக்குத் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த நம் கோச்சிடமா சர்டிஃபிகேட் கேட்கிறீர்கள்? விடியற்காலையில் கிரவுண்டில் தண்ணி தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டபோது உங்களில் யார் வந்தீர்கள்? கோப்பை வந்ததும் போட்டோவுக்கு மட்டும் எல்லோரும் வந்துவிட்டீர்கள்.

"விஷயத்தைப் பெரிசாக்காதீங்க" என்று இன்பாக்ஸில் வராதீர்கள். மைக்கில் கேட்டது நீங்கள், மைக்கிலேயே மன்னிப்புக் கேளுங்கள். அவர் இனி பயிற்சிக்கு வருவாரா மாட்டாரா என்று பையன்கள் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.