ஸ்ட்ராட் காதலன் அல்லன்

‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்ற கதை விளையாட்டில், ஆட்டக்காரர்களின் கண்முன்னே இரீனா கோல்யானா என்ற பெண்ணிடம் பேச வரும் இரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட், அவளை ‘நீ’ என்று அழைப்பானா, ‘நீங்கள்’ என்று அழைப்பானா? ஆங்கிலப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை; அங்கே இரண்டுக்கும் ஒரே சொல்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து தமிழில் பேசி விளையாடுகிற எங்களைப் போன்றவர்களுக்கோ, கதையை நடத்துகிற டஞ்சன் மாஸ்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. முதல் முறை இந்தக் கதையை நடத்தியபோது நான் யோசிக்காமலேயே ‘நீ’ என்று சொல்லிவிட்டேன். காதலன் காதலியை அழைக்கிற ‘நீ’ அது. குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தி, ‘நீ திரும்பி வந்துவிட்டாய், தாத்யானா’ என்றேன்; தாத்யானா என்பது இரீனாவின் முற்பிறவிப் பெயர். மேசையில் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். நன்றாக நடத்துகிறோம் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. அன்று நான் செய்தது தவறு என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விளையாடியறியாதவர்களுக்காக ஒரு பத்தி. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது பேச்சாலும் பகடையாலும் ஆடப்படும் கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்று சொல்வார்கள்; முடிவு சந்தேகத்துக்குரியதாக இருக்கும் இடங்களில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். இந்த விளையாட்டுக்காக டிரேசி ஹிக்மனும் அவருடைய மனைவி லாரா ஹிக்மனும் எழுதி, 1983ல் 32 பக்கச் சிறு நூலாக வெளிவந்ததுதான் ‘ரேவன்லாஃப்ட்’. அதை விரித்து, முதல் நிலைப் பாத்திரங்கள் பத்தாம் நிலை வரை வளர்கிற, மாதக்கணக்கில் தொடர்ந்து ஆடப்படும் நீண்ட கேம்பெய்னாக 2016ல் வெளியிட்டார்கள்; அதன் பெயர் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’. மூடுபனியால் சூழப்பட்டு, உள்ளே வந்தவர் வெளியேற முடியாதபடி அடைபட்டுக் கிடக்கும் பரோவியா என்ற பள்ளத்தாக்கு. அதற்கு மேலே ஒரு கோட்டை. கோட்டையில் ஸ்ட்ராட் வான் ஸாரோவிச் என்ற இரத்தக்காட்டேரிப் பிரபு. கதை நடக்கும் இடம் இவ்வளவுதான்.

ஸ்ட்ராடின் பின்கதையை அலங்காரம் இல்லாமல் சொல்லிப் பார்ப்போம். அவன் போரில் அந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்தவன். தன் தாயின் பெயரால் அங்கே கோட்டை கட்டியவன். அவனுடைய தம்பி செர்கெயும் தாத்யானா என்ற உள்ளூர்ப் பெண்ணும் காதலித்தார்கள். ஸ்ட்ராடும் அவள்மீது ஆசைப்பட்டான். அவள் அவனை விரும்பவில்லை. கல்யாண நாளன்று தம்பியைக் கொன்று, அவனுடைய இரத்தத்தைக் குடித்து, மணப்பெண்ணைத் துரத்தினான். அவள் கோட்டைச் சுவரிலிருந்து மூடுபனிக்குள் குதித்தாள். இதைக் காதல் கதை என்று யாராவது நம் வீட்டுக்குள் வந்து சொன்னால் ஏற்றுக்கொள்வோமா? ஆனால் மெழுகுவத்தி வெளிச்சமும் பின்னணி இசையும் சேர்ந்துவிட்டால் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். என் மேசையில் அதுதான் நடந்தது.

பதினான்கு மாதம் ஓடிய அந்த முதல் கேம்பெய்னின் கடைசி இரவில், ஸ்ட்ராட் இறக்கும்போது இரண்டு பேருடைய கண்கள் கலங்கியிருந்தன. ஆட்டம் முடிந்து தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது, போர்வீரர் பாத்திரத்தை ஏற்றிருந்த தோழி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “இரீனா முதல் நாளிலிருந்தே வேண்டாம் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள்? பிறகு ஏன் நாம் எல்லோரும் அவனுக்காக அழுதோம்?” எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் என்னுடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஸ்ட்ராடின் பேச்சுக்காகப் பதினோரு பக்கம் எழுதிவைத்திருந்தேன். இரீனாவுக்கு அரைப் பக்கம். அதிலும் முதல் வரி அவளுடைய கூந்தலின் நிறம்.

தமிழில் இந்தக் கதையை நடத்துகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன். இரீனா என்பவள் தாத்யானாவின் மறுபிறவி என்று சொன்ன மறுகணமே, ஜென்ம ஜென்மமாய்த் தொடரும் காதல் என்று நம் மனம் தானாகவே எழுதிக்கொள்கிறது. அத்தனை பாட்டு கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் பரோவியாவில் மறுபிறவி எதனால் நிகழ்கிறது என்று புத்தகத்தைக் கவனமாகப் படித்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் இறக்கும் எந்த ஆன்மாவாலும் மூடுபனியைத் தாண்டிப் போக முடியாது. அதனால்தான் அங்கேயே மறுபடியும் பிறக்கிறது. இருக்கிற ஆன்மாக்களும் எல்லோருக்கும் போதாமல், மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் ஆன்மா உண்டு. மற்றவர்கள் வசீகரமும் கற்பனையும் இல்லாத வெற்று உருவங்களாக நடமாடுகிறார்கள். அப்படியென்றால் தாத்யானா திரும்பத் திரும்பப் பிறப்பது காதலின் வலிமையால் அன்று. குதித்தும் அவளால் தப்ப முடியவில்லை. அந்தச் சிறைக்குள் அவள் மறுபடி மறுபடி கண் விழிக்கிறாள். விழிக்கும் ஒவ்வொரு முறையும் அதே ஆள் வாசலில் நிற்கிறான்.

ஹிக்மன் தம்பதியின் நோக்கத்தையும் நான் தாமதமாகத்தான் கவனித்தேன். வேறொருவர் நடத்திய ஆட்டத்தில், ஏதோ ஒரு நிலவறையில், காரணமே இல்லாமல் ஒரு இரத்தக்காட்டேரி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்த டிரேசிக்கு, இவன் இங்கே என்ன செய்கிறான் என்ற கேள்வி எழுந்ததிலிருந்துதான் ஸ்ட்ராட் பிறந்தான். ஆகவே அவனுக்கு ஒரு காரணமும் வரலாறும் தேவைப்பட்டன. வரலாறு கொடுப்பது வேறு, மன்னிப்புக் கொடுப்பது வேறு. 2016 புத்தகத்தின் முன்னுரையில் டிரேசி ஹிக்மன் இதைத் தெளிவாகவே பேசுகிறார். ஜான் பாலிடோரி எழுதி 1819ல் வெளிவந்த இரத்தக்காட்டேரிக் கதைக்கு, அவர் மருத்துவராகப் பணிபுரிந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவே மாதிரி. வசீகரமான முகத்துக்குப் பின்னால் பிறரை உறிஞ்சி வாழும் சுயநலக்காரன்தான் அந்த மரபின் மூல வடிவம். இன்றோ, அன்பு காட்டினால் அரக்கன் திருந்திவிடுவான் என்ற பொய்யாக அது மாறிவிட்டது என்பதே அவருடைய வருத்தம். முன்னுரையைத் தாண்டி நேராக வரைபடங்களுக்குப் போய்விடுகிற பழக்கம் எனக்கு இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை பதினான்கு மாதம்.

இரண்டாம் முறை நடத்தும்போது கோட்டையிலிருந்து தொடங்காமல் ஊரிலிருந்து தொடங்கினேன். ஊர் என்று நான் சொல்வது வல்லாக்கியை. ஏரிக்கரையில், கூர்மையான மரக்கட்டைகளை நட்டு அரண் அமைத்துக்கொண்ட ஊர் அது. அதை ஆளும் பாரன் வர்காஸ் வல்லாக்கோவிச்சுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: ஊரில் உள்ள ஒவ்வொருவரும் மகிழ்ச்சியாக இருந்துவிட்டால் ஸ்ட்ராடின் பிடி தளர்ந்துவிடும். அதனால் வாராவாரம் திருவிழா. ‘எல்லாம் நலமாகும்’ என்பது அங்கே வாழ்த்து மட்டுமில்லை, ஆணை. முணுமுணுத்தவர்களைச் சதுக்கத்தில் மரத்தளையில் பூட்டி, தலையில் கழுதைத் தலை மாட்டி நிறுத்துகிறார்கள். பல டஞ்சன் மாஸ்டர்கள் இந்த ஊரை இரண்டு செஷனில் கடந்துவிடுகிறார்கள். நான் ஒன்பது செஷன் கொடுத்தேன். இன்னும் இரண்டு கொடுத்திருக்கலாம்.

எரியும் சூரியன் திருவிழா என்று ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. மழையில் நனைந்த சேற்றுத் தெருவில், பூக்களைப் போல உடுத்தப்பட்ட குழந்தைகள் கால் இழுபட நடந்து வருகிறார்கள். பின்னால் பெரியவர்கள் பிரம்பால் முடைந்த பெரிய சூரிய உருண்டையைத் தூக்கி வருகிறார்கள். சதுக்கத்தில் அதைத் தொங்கவிட்டு எண்ணெய் ஊற்றி, பாரன் தீப்பந்தத்தை நீட்டும்போது மழையில் பந்தம் அணைந்துவிடுகிறது. அந்த அமைதியில் ஒரு காவலன் சிரித்துவிடுகிறான். எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட ஊரில், ஒரே ஒருவனுக்கு மட்டும் உண்மையாகவே சிரிப்பு வந்துவிடுகிறது. அதற்காக அவனைக் குதிரையில் கட்டி இழுக்கச் சொல்கிறான் பாரன். இந்த இடத்தில் நான் வர்ணனையை நிறுத்திவிட்டு, பூ வேடத்தில் இருந்த ஒரு சிறுமியின் தலையிலிருந்து சாயம் கரைந்து கன்னத்தில் வழிவதை மட்டும் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கு மேல் மேசையில் யாரும் பேசவில்லை. ஸ்ட்ராட் அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. அவன் அங்கே வர வேண்டிய அவசியமும் இல்லை.

இதைக் கவனித்த பிறகுதான் அந்தக் கேம்பெய்னின் உட்கட்டு எனக்குப் பிடிபட்டது. பாரன் மகிழ்ச்சியை ஆணையிட்டு வாங்கப் பார்க்கிறான். அவனுடைய அடியாள் ஈஸெக் ஸ்ட்ராஸ்னி, ஒரு கை பிசாசின் கையாக மாறிப்போனவன், கனவில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தில் பொம்மை பொம்மையாகச் செய்யச் சொல்லி அறையில் அடுக்கி வைத்திருக்கிறான். அந்த முகம் இரீனாவின் முகம். அவள் தன்னுடைய தொலைந்துபோன தங்கை என்பது அவனுக்கே தெரியாது. கோட்டையில் இருப்பவன் நானூறு வருடமாக ஒரு பெண்ணைத் தாத்யானா, தாத்யானா என்று அழைத்துக்கொண்டிருக்கிறான் என்று என் மேசையில் வைத்துக்கொண்டோம். மூவரும் செய்வது ஒரே காரியம். எதிரில் இருக்கும் மனிதரைப் பார்க்க மறுத்து, தங்களுக்கு வேண்டிய முகத்தை அந்த மனிதர்மேல் மாட்டுகிறார்கள். ஸ்ட்ராடைக் காதலனாக நடத்தினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. வல்லாக்கி வெறும் வினோதமான ஊராகவும், ஈஸெக் வெறும் அடியாளாகவும் குறைந்துபோகிறார்கள். அவனை உள்ளபடி நடத்தினால், ஊரின் ஒவ்வொரு தெருவிலும் அவனுடைய நிழல் தெரியும்.

புத்தகத்தோடு நான் உடன்படாத இடமும் உண்டு. கிரெஸ்க் என்ற ஊரில் ஒரு குளம் இருக்கிறது. அங்கே இரீனா போனால், செர்கெயின் ஆவி நீருக்குள்ளிருந்து கைநீட்டி அவளை அழைத்துக்கொண்டு போய்விடும். அமைதியான முடிவு என்று பலர் இதைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அது ஏற்கவில்லை. செர்கெய் நல்லவன்தான். ஆனாலும் இந்தப் பிறவியில் அவள் அவனைப் பார்த்ததுகூட இல்லை. வளர்த்த தந்தையைப் புதைத்து, உடன் வளர்ந்த அண்ணன் இஸ்மார்க்கைப் பிரிந்து, அவ்வளவு தூரம் தன் காலில் நடந்து வந்தவளை, கடைசியில் இன்னொருவனுடைய தாத்யானாவாகவே அனுப்பிவைப்பது ஸ்ட்ராட் செய்ததன் மென்மையான வடிவம் என்றே எனக்குப் படுகிறது. என் மேசையில் குளத்தில் செர்கெய் தோன்றினான், மன்னிப்புக் கேட்டான், மறைந்தான். அவள் கரையிலேயே நின்றாள்.

இப்படிப்பட்ட கதையை நடத்துகிறவர் முன்கூட்டியே ஆட்டக்காரர்களிடம் பேசிக்கொள்ள வேண்டும். விடாமல் துரத்தப்படுவது, தூக்கத்தில் கடிக்கப்படுவது, வேண்டாம் என்ற சொல் மதிக்கப்படாதது ஆகியவை எல்லாம் சிலருக்குக் கற்பனை அல்ல. ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் என்பவர் வகுத்த எக்ஸ் கார்டு முறையை நாங்கள் பின்பற்றுகிறோம்: மேசை நடுவில் எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று இருக்கும், யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடுவோம். இரண்டாம் கேம்பெய்னில் இரண்டு முறை அது தொடப்பட்டது. திகில் அதனால் குறையவில்லை; நம்பிக்கை இருக்கும் மேசையில்தான் மக்கள் துணிந்து பயப்படுகிறார்கள்.

‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் முறை ஸ்ட்ராட் எல்லோரையும் ‘தாங்கள்’ என்றான். விருந்தினரை வரவேற்றான், மது ஊற்றினான், பயணக் களைப்பை விசாரித்தான். இரீனாவை மட்டும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘நீ’ என்றான். குரலைத் தாழ்த்தாமல், நிறுத்தாமல், தன் வீட்டுப் பண்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவன் தொனியில் சொன்னேன். அந்த ஒரு சொல் மாற்றத்திலேயே மேசையில் எல்லோருடைய முதுகும் நிமிர்ந்தது. பதினோரு பக்க வசனம் செய்யாததை அது செய்தது.

ஸ்ட்ராட் செத்தான். சில மாதங்களில் இருட்டுச் சக்திகள் அவனை மீட்டுக் கொண்டுவந்துவிடும் என்று புத்தகம் சொல்வதை ஆட்டக்காரர்களிடம் மறைக்கவில்லை. அந்தச் சில மாதங்களை எப்படிச் செலவிடப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். கோட்டைப் புதையலை யாரும் கேட்கவில்லை. வல்லாக்கிக்குத் திரும்பினார்கள், தளைகளைப் பிடுங்கினார்கள், கழுதைத் தலைகளை உடைத்தார்கள். இரீனா ஈஸெக்கின் அறையிலிருந்த பொம்மைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு, அவற்றைச் செய்த பொம்மைக்காரன் பிளின்ஸ்கியின் கடைக்குப் போனாள். ஒவ்வொரு பொம்மைக்கும் வேறு வேறு முகம் வரைந்து ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள். எந்தப் பொம்மைக்கு என்ன மூக்கு, எதற்குச் சப்பைக் கன்னம், எதற்கு உடைந்த பல் என்று அரைமணி நேரம் ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் ஒன்று விடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.