முன்னுரிமை அட்டவணையை மனப்பாடம் பண்ணச் சொல்லாதீங்க

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பசங்க இன்னமும் சி மொழியின் ஆபரேட்டர் முன்னுரிமை அட்டவணையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாங்க. பார்க்கவே கடுப்பா இருக்கு. ஒரே வரியில் பல ஆபரேட்டர்கள் (+, == மாதிரி குறிகள்) வந்தா எது முதல், எது அடுத்துன்னு சொல்ற அட்டவணை, ஏன்னு சொல்றதே இல்லை.

ஒரே ஒரு வரி பாருங்க: அ & 4 == 0. இதில் & ரெண்டு எண்களையும் பிட் பிட்டா பார்த்து, ரெண்டிலும் 1 இருக்கிற இடத்தில் மட்டும் 1 தரும்; == ரெண்டும் சமமான்னு கேட்கும். அ-வில் 4-க்கு உரிய அந்த ஒரு பிட் அணைஞ்சிருக்கான்னு (0-ஆ இருக்கான்னு) இஃப் நிபந்தனையில் கேட்கத்தான் எழுதுறோம். ஆனா சி-யில் == தான் முதல்ல நடக்கும். 4 == 0 பொய், அதாவது 0. அப்புறம் அ & 0. அ-வில் என்ன இருந்தாலும் விடை 0 தான், அந்த இஃப் உள்ளே எந்தக் காலத்திலும் போகாது.

இது ஏன் இப்படின்னு சி மொழியை உருவாக்கின டென்னிஸ் ரிட்சியே எழுதியிருக்கார். சி-க்கு முந்தைய பி மொழியில் && (ரெண்டு நிபந்தனையும் உண்மையான்னு கேட்கும் குறி) கிடையாது. இஃப் நிபந்தனைக்குள்ள & தான் அந்த வேலையையும் பார்த்தது, அதனால == க்குக் கீழே இருந்தால்தான் சரிவரும். பிறகு && வந்தது. அப்பவே &-ஐ மேலே ஏத்தியிருக்கலாம்; ஏற்கெனவே எழுதின நிரல்கள் உடைஞ்சுடுமேன்னு விட்டுட்டாங்க. அன்னைக்கு இருந்ததே சில நூறு கிலோபைட் நிரல்தான்! அந்தத் தயக்கம் சி++, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கு. கோ, ரஸ்ட், பைத்தான் மூணும் இதைச் சரிபண்ணிட்டாங்க.

இன்னொரு கூத்து, மைனஸ் 2-இன் வர்க்கம். அடைப்புக்குறி இல்லாம எழுதினா பைத்தானில் -4, எக்செல்லில் 4. ஜாவாஸ்கிரிப்டில் ** போட்டு எழுதினா பிழைன்னு சொல்லி நிறுத்திடும். என்னைக் கேட்டா மூணில் ஜாவாஸ்கிரிப்ட் செஞ்சதுதான் நியாயம். (ஜாவாஸ்கிரிப்டை நான் பாராட்டுறது அபூர்வம், குறிச்சு வச்சுக்கோங்க.)

கோட் ரிவ்யூவில் "இந்த பிராக்கெட் தேவையில்லை"ன்னு கமென்ட் போடுற சீனியர்களே, கம்பைலருக்குத் தேவையில்லைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு பக் தேடுறவனுக்குத் தேவை. ஜிசிசி-ங்கிற சி கம்பைலரே மெனக்கெட்டு, மேலே சொன்ன & வரிக்கு எச்சரிக்கை வச்சிருக்கே!

ஆவணம் எப்படி இருக்கணும்னா, பைத்தானில் தரவு அலசப் பயன்படுற பாண்டாஸ் நூலகத்தின் கையேட்டைப் பாருங்க. ரெண்டு நிபந்தனையை & போட்டு இணைக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் கட்டாயம் அடைப்புக்குறி போடுன்னு சொல்லுது. போடலைன்னா, &-ஐ முதல்ல பண்ற பைத்தான் அதை எப்படிப் பிரிச்சுப் படிக்கும்னு அந்தத் தப்பான வடிவத்தையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுது. அங்கே அட்டவணையே இல்லை.